ஆட்சேபக் கடிதத்தின் எடை: பினாங்கு அடுக்குமாடி வீடுகளும் மதிப்பீட்டு வரியும்

பினாங்குத் தீவில் அடுக்குமாடி வீடு வைத்திருப்பவர் ஆண்டுக்கு இரண்டு முறை மாநகர் மன்றத்துக்குப் பணம் கட்டுகிறார். பிப்ரவரி முடிவதற்குள் ஒரு தவணை, ஆகஸ்டு முடிவதற்குள் மறு தவணை. வீட்டுப் பேச்சில் 'சுக்காய் பிந்து'. பத்திரிகையில் மதிப்பீட்டு வரி. பணத்தைக் கட்டி, ரசீதைக் கோப்பில் சேர்ப்பதோடு பெரும்பாலோர் அதை மறந்துவிடுகிறார்கள். அந்தத் தொகைக்கு அடிப்படையான மதிப்பு சரிதானா என்று எதிர்த்துக் கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்பது, புதிய மதிப்பீட்டு அறிவிப்பு கைக்கு வரும்போதுதான் பலருக்குத் தெரிய வருகிறது.

அப்போது இரண்டு கட்சிகள் கிளம்பும். 'எழுதிப் பயனில்லை, அவர்கள் வைத்ததுதான் கணக்கு' என்பது ஒன்று. 'எல்லாரும் சேர்ந்து எழுதினால் குறைத்தே ஆகவேண்டும்' என்பது மற்றொன்று. முன்னது உரிமையைக் கைவிடுகிறது. பின்னது அந்த உரிமை எதற்காக வந்தது என்பதை அறியாமல் அதைப் பயன்படுத்துகிறது. இந்த ஆட்சேப உரிமை எவ்வளவு உண்மையானது, எங்கே வலுவாக நிற்கிறது, எங்கே வெறும் எழுத்தாகிவிடுகிறது என்பதை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

சட்டம் என்ன சொல்கிறது

தீபகற்ப மலேசியாவில் வீட்டு வரிக்கு அடிப்படை 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் (சட்டம் 171). வரி விதிக்க அது இரண்டு வழிகளைத் தருகிறது: ஆண்டு மதிப்பு, அல்லது நிலமும் கட்டடமும் சேர்ந்த சந்தை மதிப்பு. ஜொகூர் இரண்டாவது வழியில் போகிறது. பினாங்கு ஆண்டு மதிப்பைப் பின்பற்றுகிறது. ஆண்டு மதிப்பின் மீது விதிக்கும் வரி 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது சட்டத்தின் உச்சவரம்பு. நடைமுறையில் குடியிருப்புகளுக்கான விகிதம் இதைவிடப் பல மடங்கு குறைவு.

ஆண்டு மதிப்பு என்பது, ஒரு வீட்டை ஆண்டுக்கணக்கில் வாடகைக்கு விட்டால் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய மொத்த வாடகை. பழுதுபார்ப்பு, காப்புறுதி, பராமரிப்பு, பொது வரிகள் ஆகிய அனைத்தையும் வீட்டுக்காரரே ஏற்றுக்கொள்கிறார் என்று வைத்துக்கொண்டு அந்த வாடகையைக் கணக்கிட வேண்டும். நீங்களே குடியிருந்தாலும் கணக்கு இதுதான். இல்லாத ஒரு வாடகைதாரரைக் கற்பனை செய்து, அவர் என்ன கொடுப்பார் என்று மதிப்பீட்டாளர் முடிவு செய்கிறார். பின்வரும் வாதங்கள் அனைத்தும் இந்த வரையறையிலிருந்தே எழுகின்றன.

மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்கிறது 137-ஆம் பிரிவு. ஆனால் மாநில அரசு அந்தக் காலத்தை நீட்டிக்கலாம் என்றும் சேர்த்தே சொல்கிறது. புதிய பட்டியல் தயாரானதும், அதைப் பரிசீலித்து உறுதிசெய்யும் நாளை மன்றம் அறிவிக்க வேண்டும். அந்த நாளுக்கு முன் குறைந்தது 42 நாள் இடைவெளி தர வேண்டும். ஆட்சேபமோ அந்த நாளுக்கு 14 நாள் முன்பே எழுத்தில் மன்றத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கழித்துப் பார்த்தால், வீட்டுக்காரருக்குச் சட்டம் உறுதிசெய்யும் குறைந்தபட்ச அவகாசம் 28 நாள். அதற்குள் அறிவிப்பைப் படித்து, பட்டியலைப் பார்வையிட்டு, பக்கத்து வாடகைகளை விசாரித்து, கடிதமும் எழுதியாக வேண்டும்.

எந்தக் காரணத்துக்காக ஆட்சேபிக்கலாம் என்பதை 142-ஆம் பிரிவு வரையறுக்கிறது. என் வீட்டுக்கு அளவுக்கு மீறிய மதிப்பு போட்டிருக்கிறார்கள் எனலாம். வரிக்கு உட்படாத சொத்தைச் சேர்த்துவிட்டார்கள் எனலாம். சேர்க்க வேண்டியதை விட்டுவிட்டார்கள் எனலாம். வேறொரு சொத்துக்குக் குறைவாக மதிப்பிட்டிருக்கிறார்கள் எனலாம். சேர்த்து மதிப்பிட்டதைப் பிரித்திருக்க வேண்டும், பிரித்ததைச் சேர்த்திருக்க வேண்டும் என்றும் சொல்லலாம். ஆட்சேபித்தவர் நேரிலோ தம் பிரதிநிதி வழியாகவோ வாதாட வாய்ப்புத் தரப்பட வேண்டும். வரி விகிதம் இந்தப் பட்டியலில் இல்லை. எத்தனை விழுக்காடு என்பதை மன்றம் மாநில அரசின் ஒப்புதலோடு முடிவு செய்கிறது. அதை எதிர்த்து இந்தப் பிரிவின்கீழ் ஒரு வரிகூட எழுத முடியாது.

இரட்டிப்பானால் அநீதியா?

பினாங்குத் தீவின் மதிப்பீட்டுப் பட்டியல் 2005-இல் புதுப்பிக்கப்பட்டது. அடுத்த பட்டியல் நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1-இல். இடையில் 15 ஆண்டுகள். அந்த இடைவெளியில் ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தகுதி பெற்றது. 2014-இல் பத்து மாவுங்கிலிருந்து இரண்டாவது பாலம் திறந்தது. கடற்கரையோரம் ஆடம்பரக் கொண்டோமினியங்கள் வரிசையாக எழுந்தன. இவ்வளவுக்கும் பிறகு வந்த புதிய மதிப்பைப் பழையதோடு ஒப்பிட்டவர்கள் அதிர்ந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த அதிர்ச்சியை ஆட்சேபத்துக்கான காரணமாகக் கொள்வது தவறு.

ஊர் முழுவதும் ஆண்டு மதிப்பு ஒரே அளவில் இரட்டிப்பாகி, விகிதமும் பாதியாகக் குறைந்தால், யாருடைய பில்லும் மாறாது. மதிப்பு எவ்வளவு ஏறியது என்பது தனியே எதையும் நிறுவுவதில்லை. மற்றவர்களைவிட அதிகமாக ஏறியதா என்பதே கேள்வி. கோலாலம்பூரின் அனுபவம் இதை நன்றாகக் காட்டுகிறது. அங்கே 1992-க்குப் பிறகு 2014-இல்தான் புதிய மதிப்பு வந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் குடியிருப்புகளுக்கான விகிதம் 6 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கணக்குப் போட்டால், ஆண்டு மதிப்பு ஒன்றரை மடங்குக்குள் ஏறியவருக்கு வரி குறைந்திருக்கும். அதைத் தாண்டி ஏறியவருக்கே கூடியிருக்கும். அதிர்ச்சி இருவருக்கும் பொது. குறை சொல்ல இடமிருந்தது ஒருவருக்கு மட்டுமே.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பட்டியலைத் தள்ளிப்போடுவது மக்களுக்குச் செய்யும் சலுகை என்று அரசியல்வாதிகள் பேசுவதுண்டு. அது சலுகை இல்லை. 15 ஆண்டுகளில் எல்லாப் பகுதிகளின் வாடகையும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. கர்னி டிரைவின் கடல் பார்க்கும் வீட்டுக்கும் ரைபிள் ரேஞ்சின் பழைய மலிவு பிளாட்டுக்கும் வாடகை வளர்ந்த பாதை ஒன்றல்ல. பழைய பட்டியல் நீடிக்கும் ஒவ்வோர் ஆண்டும், வாடகை வேகமாக ஏறிய வீட்டுக்காரர் தம் பங்கைவிடக் குறைவாகக் கட்டுகிறார். மெதுவாக ஏறிய வீட்டுக்காரர் தம் பங்கைவிட அதிகமாகக் கட்டுகிறார். அந்த வித்தியாசத்தை எந்த ரசீதும் காட்டுவதில்லை. ஏழைகளைக் காப்பதாகச் சொல்லித் தள்ளிப்போட்ட பட்டியலின் சுமையைப் பெரும்பாலும் ஏழைகளே தாங்குகிறார்கள்.

எந்த வாதம் நிற்கும், எது விழும்

ஆட்சேபக் கடிதங்களில் பொதுவாக வரும் வாதங்களைச் சட்டத்தின் வரையறையோடு ஒவ்வொன்றாக உரசிப் பார்ப்போம்.

'என்னால் இவ்வளவு கட்ட முடியாது.' மனிதத் துயரமாக இது உண்மையாக இருக்கலாம். ஆண்டு மதிப்பு வீட்டின் வாடகையைப் பற்றியது, வீட்டுக்காரரின் வருமானத்தைப் பற்றியதன்று. ஓய்வூதியம் மட்டுமே உள்ள முதியவருக்கு வழிவிட வேண்டுமானால் அதைக் கழிவு, தள்ளுபடி வழியாக மன்றமும் மாநில அரசும் செய்ய வேண்டும். மதிப்பை ஆட்சேபிக்கும் மேசையில் இந்த வாதம் நிற்காது.

'நான் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறேன், அதைக் கழியுங்கள்.' அடுக்குமாடிவாசிகள் மிக அதிகம் சொல்வது இதைத்தான். சட்டத்தில் நேராக விழுவதும் இதுதான். பராமரிப்பை வீட்டுக்காரரே ஏற்பார் என்று கொண்டு எடுத்த மொத்த வாடகைதான் ஆண்டு மதிப்பு. அதிலிருந்து பராமரிப்புச் செலவைக் கழிக்க இடமே இல்லை. ஆனால் இந்த வாதத்துக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. தரை வீட்டுக்காரருக்கு வாசல் வரை மன்றத்தின் விளக்கும் சாக்கடையும் சாலையும் வருகின்றன. அடுக்குமாடிவாசி வளாகத்துக்குள் இருக்கும் விளக்கு, வடிகால், பாதை ஆகியவற்றுக்குத் தம் கூட்டு நிர்வாகத்துக்குத் தனியாகக் கட்டுகிறார். இது மதிப்பைப் பற்றிய குறை அல்ல, விகிதத்தைப் பற்றிய குறை. சொத்தின் பயன்பாட்டுக்கு ஏற்ப வெவ்வேறு விகிதம் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. எனவே இக்கோரிக்கை போய்ச் சேர வேண்டிய இடம் சட்டமன்ற உறுப்பினரும் மன்ற உறுப்பினர்களும்.

'லிப்ட் ஓடுவதில்லை, கூரை ஒழுகுகிறது.' இது நிற்கக்கூடிய வாதம், ஆனால் ஒரு படி கூடுதலாக ஏற வேண்டும். பழுது இருப்பதை மட்டும் காட்டினால் போதாது. அந்தப் பழுதால் வாடகை குறைந்திருப்பதைக் காட்ட வேண்டும். லிப்ட் அடிக்கடி நிற்கும் கட்டடத்தில் 14-ஆம் மாடி வீடு 3-ஆம் மாடி வீட்டைவிடக் குறைந்த வாடகைக்குப் போகிறதென்றால், இரண்டு வாடகை ஒப்பந்தங்களை அருகருகே வைத்தால் போதும். கற்பனை வாடகைதாரரும் மாடி ஏறித்தான் வர வேண்டும்.

'என் வீட்டை நான் விட்டிருக்கும் வாடகை இவ்வளவுதான்.' இது வலுவான சான்று, ஆனால் முடிவான சான்று அல்ல. உறவினருக்குச் சலுகை வாடகைக்கு விட்டிருக்கலாம். பல ஆண்டுகளாக ஏற்றாமலே இருந்திருக்கலாம். அந்நியர் ஒருவருக்கு அண்மையில் விட்ட வாடகைதான் சந்தையைப் பேசும். முத்திரைத் தீர்வை கட்டிய ஒப்பந்தம் இங்கே ஆயிரம் வாக்கியங்களுக்குச் சமம்.

'என் மாடியில் சிலர் நாள் வாடகைக்கு விட்டு நிறையச் சம்பாதிக்கிறார்கள், அதை வைத்து எனக்கும் மதிப்பு போட்டுவிட்டார்கள்.' சட்டத்தின் வரையறை ஆண்டுக்கணக்கான வாடகையைச் சொல்கிறது. சுற்றுலாப் பயணி ஓர் இரவுக்குத் தரும் தொகையை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்குவது அந்த வரையறைக்குள் வராது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குறுகிய கால வாடகையை நிர்வாகக் கழகம் தடுக்கலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. பினாங்கும் 2023-இல் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. எனவே மதிப்பீட்டில் அந்த வருமானம் கலந்திருந்தால் அதை எதிர்ப்பது முழுக்க நியாயம்.

'பக்கத்து வீட்டுக்கு என்னைவிடக் குறைவு.' இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். 1932-இல் லேடீஸ் ஹோசியரி வழக்கில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, என் மதிப்பு சரியாக இருக்குமானால், மற்றவர்களுக்குக் குறைவாகப் போட்டிருக்கிறார்கள் என்பதற்காக என்னுடையதையும் தவறாகக் குறைக்க முடியாது என்பதே. மலேசியச் சட்டமும் குறைவான மதிப்பைத் தனி ஆட்சேபக் காரணமாகவே வைத்திருப்பதால், அந்த வாதம் பக்கத்து வீட்டின் வரியை ஏற்றிவிட்டு முடியவும் கூடும். ஆனால் அடுக்குமாடியில் நிலைமை சற்று வேறு. ஒரே தொகுதி, ஒரே பரப்பு, ஒரே திசை, அடுத்தடுத்த மாடி என்றிருக்கும் வீடுகளில், பக்கத்து வீட்டின் மதிப்பு சமத்துவத்துக்கான முறையீடு மட்டுமில்லை. உண்மை வாடகை எது என்பதற்கான சான்றே அதுதான். கடிதத்தில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுத வேண்டும்: அவருக்குக் குறைத்ததால் எனக்கும் குறையுங்கள் என்று எழுதினால் விழும், அவருக்குப் போட்ட மதிப்பு இவ்வகை வீட்டின் வாடகையை உங்கள் அதிகாரிகளே எவ்வளவு என்று கண்டார்கள் என்பதைக் காட்டுகிறது என்று எழுதினால் நிற்கும்.

எல்லாவற்றையும்விட வலுவானது உண்மைப் பிழை. பரப்பளவு தவறு, இல்லாத கார் நிறுத்துமிடத்தைச் சேர்த்தது, செய்யாத விரிவாக்கத்தைக் கணக்கிட்டது, வீட்டைக் கடையாகப் பதிவுசெய்தது ஆகியவற்றை வாதிட வேண்டியதில்லை. ஆவணத்தைக் காட்டினால் போதும். பட்டியலைப் பார்வையிடச் சென்றவர் முதலில் சரிபார்க்க வேண்டியது இவற்றைத்தான்.

மலிவு விலை வீடுகளின் தனிச் சிக்கல்

பினாங்கில் மலிவு விலை வீட்டின் விற்பனை உச்சவரம்பு நெடுங்காலம் 42,000 ரிங்கிட்டாகவும், நடுத்தர மலிவு வீட்டின் வரம்பு 72,500 ரிங்கிட்டாகவும் இருந்தது. குறிப்பிட்ட வருமானத்துக்குட்பட்ட பதிவுபெற்றவர்களுக்கே அவற்றை விற்க முடியும் என்ற கட்டுப்பாடும் உண்டு. திறந்த சந்தையில் இல்லாத வீட்டுக்குத் திறந்த சந்தை வாடகையைக் கற்பனை செய்வது நியாயமா?

இந்தக் கேள்விக்கு உலகம் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. பாப்லர் வழக்கில் 1922-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வீட்டுக்காரருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலான விஷயம், மதிப்பீட்டை அது கட்டுப்படுத்தாது என்றது. இந்திய உச்ச நீதிமன்றம் எதிர்ப்பக்கம் நின்றது. புதுடில்லி நகராட்சிக் குழுவுக்கு எதிரான திவான் தவுலத் ராய் கபூர் வழக்கில், சட்டம் அனுமதிக்கும் நியாய வாடகைக்கு மேல் ஒரு வீட்டுக்காரர் எதையும் நியாயமாக எதிர்பார்க்க முடியாது, எனவே வரிக்கான மதிப்பும் அதைத் தாண்டக்கூடாது என்றது.

இந்திய நிலைப்பாடே சரி என்று நான் கருதுகிறேன். 'நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய' என்று சட்டம் சொல்லும்போது, சட்டமே தடுத்திருக்கும் தொகையை எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஜார்ஜ் டவுன் இதை நேரில் கண்ட ஊர். 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966-ஆம் ஆண்டுச் சட்டம் 1999 முடிவோடு விலகியபோது, பழைய நகரின் கடைவீடுகளில் வாடகை எகிறிப் பலர் இடம்பெயர்ந்தார்கள். கட்டுப்பாட்டு வாடகைக்கும் சந்தை வாடகைக்கும் இடையிலான பள்ளம் எவ்வளவு ஆழம் என்பது அங்கே கண்கூடானது. இந்திய வழக்கு வாடகை வரம்பைப் பற்றியது. பினாங்கின் மலிவு வீடுகளில் இருப்பது விற்பனை வரம்பு. இந்த வேறுபாட்டை மறைக்கக்கூடாது. ஆனால் யாருக்கு விற்கலாம், எப்படிப் பயன்படுத்தலாம் என்ற கட்டுப்பாடு வாடகையையும் தொடாமல் இருக்காது. மலிவு வீடுகளை மதிப்பிடும்போது அவற்றுக்குள்ளேயே ஒப்பிட வேண்டும். பக்கத்து கொண்டோமினியத்தை அளவுகோலாகக் கொள்ளக்கூடாது.

உயர் நீதிமன்றப் படி

மன்றம் ஆட்சேபத்தை நிராகரித்துவிட்டால்? 145-ஆம் பிரிவு ஒரே வழியைக் காட்டுகிறது: உயர் நீதிமன்றம். ஆட்சேப உரிமை வெறும் எழுத்தாகிவிடுவது இந்த இடத்தில்தான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பிளாட்டின் நியாயமான மாத வாடகை 600 ரிங்கிட், ஆனால் 650 என்று மதிப்பிட்டுவிட்டார்கள். விகிதம் 8 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு மதிப்பு 7,200-க்குப் பதில் 7,800. வரி 576 ரிங்கிட்டுக்குப் பதில் 624. வித்தியாசம் ஆண்டுக்கு 48 ரிங்கிட். பட்டியல் ஐந்து ஆண்டில் மாறினால் இழப்பு 240 ரிங்கிட். 15 ஆண்டு நீடித்தால் 720. இந்தத் தொகைக்காக வழக்கறிஞரையும் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரையும் அமர்த்தி உயர் நீதிமன்றம் போகிறவர் யாரும் இருக்க முடியாது. வணிக வளாகங்களும் தொழிற்சாலைகளும் போகலாம். அவற்றுக்கு வித்தியாசம் இலட்சங்களில் வரும். சட்டம் எல்லாருக்கும் ஒரே கதவைக் காட்டினாலும், அதைத் திறக்கும் வசதி பெரிய சொத்துக்காரருக்கே இருக்கிறது.

இது தவிர்க்க முடியாததா? இல்லை. 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்கீழ், பராமரிப்புக் கட்டணத் தகராறுகளை 250,000 ரிங்கிட் வரை விசாரிக்கத் தீர்ப்பாயம் இருக்கிறது. பொதுவாக வழக்கறிஞர் இல்லாமலே அங்கே வழக்காடலாம். ஒரே வீட்டுக்காரர், ஒரே வீடு. பராமரிப்புக் கட்டணத்துக்கு எளிய தீர்ப்பாயம், மதிப்பீட்டு வரிக்கு உயர் நீதிமன்றம். இந்த வேறுபாட்டுக்கு நியாயம் சொல்ல முடியாது.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள்

இங்கிலாந்தில் வீடுகளுக்குத் தனித்தனி மதிப்பில்லை. ஏ முதல் எச் வரை எட்டு அடுக்குகளில் ஒன்றில் வைப்பார்கள். எந்த வீடு எந்த அடுக்கு என்பதை யாரும் பார்க்கலாம். அடுக்கை எதிர்க்க நினைப்பவர் முதலில் மதிப்பீட்டு முகமைக்கு எழுதலாம்; பிறகு கட்டணமில்லாத சுயேச்சைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வெளிப்படையும் எளிய நீதியும் அங்கே உண்டு. ஆனால் அடித்தளமே பழசு: 1991 ஏப்ரல் 1-இல் விற்றிருந்தால் என்ன விலை போயிருக்கும் என்ற கணக்கே இன்றும் அங்கே நடப்பில் இருக்கிறது. சென்ற ஆண்டு கட்டிய பிளாட்டுக்கும் அதே கற்பனை. எதிர்த்தவரின் அடுக்கு ஏறிவிடும் ஆபத்தும் உண்டு.

சிங்கப்பூர் பினாங்கைப் போலவே ஆண்டு மதிப்பைப் பின்பற்றுகிறது, ஆனால் அதை ஆண்டுதோறும் திருத்துகிறது. உரிமையாளரே குடியிருந்தால் ஆண்டு மதிப்பின் முதல் பகுதிக்கு வரியே இல்லை. 2025 முதல் அந்தப் பகுதி 12,000 வெள்ளி. ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டால் போவதற்கு மதிப்பீட்டு மறுஆய்வு வாரியம் இருக்கிறது. ஆண்டுதோறும் சிறு சிறு மாற்றமாக வருவதால் பேரதிர்ச்சிக்கு இடமில்லை.

சென்னையைப் பார்த்தால் தள்ளிப்போடுதலின் விலை தெரியும். 1998-க்குப் பிறகு 2022-இல்தான் அங்கே சொத்து வரிப் பொதுச் சீராய்வு வந்தது. பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 50 விழுக்காடு, 600 முதல் 1,200 வரை 75, அதற்கு மேல் 100, 1,800-ஐத் தாண்டினால் 150 என்று ஒரே அடியில் ஏறியது. சிறிய வீட்டுக்குச் சிறிய ஏற்றம் என்ற நோக்கம் நல்லதே. ஆனால் ஒவ்வொரு தெருவின் உண்மை வாடகையும் எப்படி மாறியது என்பதைப் பரப்பளவு அடுக்குகள் சொல்ல முடியாது.

இந்த மூன்றோடும் வைத்துப் பார்த்தால் பினாங்கின் அடிப்படை மோசமில்லை. வாடகையை அளவாகக் கொள்வது, விலை ஊகத்தால் வீங்கும் காலத்திலும் வீட்டில் குடியிருப்பவரைக் காக்கிறது. விலை எகிறும்போது வாடகை அதே வேகத்தில் எகிறுவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மதிப்பு என்பது எட்டு அடுக்குகளைவிட நுட்பமானது. குறை அடிப்படையில் இல்லை, நடைமுறையில் இருக்கிறது: தாமதமான பட்டியல், மறைந்திருக்கும் சான்று, எட்டாத மேல்முறையீடு.

வாக்கில்லாத வரிகட்டுபவர்

இந்தக் குறைகள் பினாங்கில் கூடுதலாக உறுத்த ஒரு காரணம் இருக்கிறது. இங்கே வரிகட்டுபவர்கள் 1857-லேயே நகர ஆணையர்களைத் தேர்ந்தெடுக்க வாக்களித்தார்கள். மலாயாவின் முதல் நவீன நகராட்சித் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் நடந்தது. 1957-இல் ஜார்ஜ் டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயர் தொழிற்கட்சியின் டி.எஸ். இராமநாதன், ஒரு தமிழர். 1965-இல் நாடெங்கும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களையே பரிந்துரைத்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டமோ நியமன உறுப்பினர்களை நிலைநிறுத்தியது. பினாங்கு மாநிலம் 2012-இல் தனிச் சட்டம் இயற்றித் தேர்தலை மீட்கப் பார்த்தது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2014-இல் முடித்துவைத்தது.

ஆக, இன்று மன்றத்துக்கு வரி கட்டுபவர் அந்த மன்றத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. விகிதத்தை அவர் ஆட்சேபிக்க முடியாது. அவருக்கென்று சட்டம் விட்டுவைத்திருக்கும் ஒரே முறையான குரல் மதிப்பை எதிர்க்கும் கடிதம்தான். வாக்குரிமை இருக்கும் ஊரில் அந்தக் கடிதம் ஒரு நிர்வாக நடைமுறை. வாக்குரிமை இல்லாத ஊரில் அதுவே குடிமகனின் கடைசி வழி. எனவே அதைக் கேட்கும் கடமை மன்றத்துக்கு இரட்டிப்பாகிறது.

தீர்ப்பு

'எழுதிப் பயனில்லை' என்ற கட்சி தவறு. உண்மைப் பிழையும், ஒரே தொகுதியின் வாடகைச் சான்றும், சட்ட வரையறைக்குப் புறம்பான கணக்கும் கையில் இருந்தால் எழுதத்தான் வேண்டும். 'எல்லாரும் எழுதினால் குறையும்' என்ற கட்சியும் தவறு. சான்றில்லாத ஆயிரம் கடிதங்கள் சான்றுள்ள ஒரு கடிதத்துக்கு ஈடாகா. அவை மேசையை நிறைத்து, நியாயமான கடிதத்தையும் தாமதப்படுத்தும்.

ஆனால் கூட்டாக எழுதுவதில் அடுக்குமாடிவாசிக்குத் தனிப் பலம் இருக்கிறது. தரை வீடுகள் ஒன்றுக்கொன்று வேறுபடும். பிளாட்டுகள் ஒரே வார்ப்பு. 300 வீடுள்ள தொகுதியில் மேலே கண்ட 48 ரிங்கிட் பிழை எல்லாருக்கும் நேர்ந்திருந்தால், ஆண்டுக்கு 14,400 ரிங்கிட். தனி ஒருவர் தாங்க முடியாத மதிப்பீட்டாளர் கட்டணம் 300 பேருக்குள் சிறிய தொகையாகிவிடும். நிர்வாகக் கழகம் வாடகை ஒப்பந்தங்களைத் திரட்டி, தேசியச் சொத்துத் தகவல் மையம் வெளியிடும் வாடகை விவரங்களோடு ஒப்பிட்டு, உரிமையாளர்களின் எழுத்து ஒப்புதலோடு ஒரே பிரதிநிதியை விசாரணைக்கு அனுப்பலாம். பிரதிநிதி வழியாக வாதாடச் சட்டமே இடம் தருகிறது. உயர் நீதிமன்றக் கதவுகூட அப்போது எட்டும் தூரத்துக்கு வரும்.

மன்றமும் மாநில அரசும் செய்ய வேண்டியவை மூன்று. ஐந்து ஆண்டு என்று சட்டம் சொல்லும் காலத்தை நீட்டிக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். ஒவ்வொரு மதிப்பீட்டு அறிவிப்போடும் அந்த மதிப்புக்கு ஆதாரமான ஒப்பீட்டு வாடகைகளை, குடியிருப்பவர் பெயரை மறைத்து, வெளியிட வேண்டும். தகவல் சுதந்திரச் சட்டத்தை 2015 முதல் நடைமுறைப்படுத்தும் மாநிலத்துக்கு இது புதிய கொள்கையல்ல, சொந்தக் கொள்கையின் தொடர்ச்சி. மூன்றாவது, மன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் இடையே ஓர் எளிய மதிப்பீட்டுத் தீர்ப்பாயம் வேண்டும். அதற்கு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும்; பினாங்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதைக் கேட்க வேண்டும்.

அடுத்த பட்டியல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டின் ஆண்டு மதிப்பைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். அந்த வாடகைக்கு உங்கள் வீடு போகுமா என்று கேளுங்கள். போகும் என்றால் வரியை நிம்மதியாகக் கட்டுங்கள். இந்த ஊரின் சாலையும் குப்பை வண்டியும் அதில்தான் ஓடுகின்றன. போகாது என்றால் ஒப்பந்தங்களையும் பரப்பளவு ஆவணங்களையும் இன்றே திரட்டத் தொடங்குங்கள், உங்கள் நிர்வாகக் கழகத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் பேச்சை எடுங்கள். அறிவிப்பு வந்தபின் உங்கள் கையில் இருக்கப்போவது 28 நாள்தான்.